2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை: அரசின் முடிவுகளும் சிறு வணிகர்களின் போராட்டமும்

மலேசியாவில் கோவிட்-19 பெருந்தொற்று பரவத் தொடங்கிய அதே வாரங்களில்தான் நாட்டின் ஆட்சியும் மாறியது. புதிய பிரதமர் பதவியேற்ற 17ஆவது நாளில் நாடு முழுவதும் கடைகள் மூடப்பட்டன. உணவகம், முடிதிருத்தும் நிலையம், ஜவுளிக் கடை, பூக்கடை, காய்கறி வியாபாரம் என அன்றாட வருமானத்தை நம்பியிருந்த நம்மவர்களின் தொழில்கள் முதலில் அடி வாங்கின. அரசு அறிவித்த உதவிகள் யாரைச் சென்றடைந்தன, யாருக்குக் கிடைக்காமல் போயின, ஏன் என்பதை 2020ஆம் ஆண்டின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஒரு வாரத்தில் மாறிய ஆட்சி

2020 ஜனவரி 25ஆம் தேதி மலேசியாவில் முதல் கோவிட்-19 சம்பவங்கள் உறுதிப்படுத்தப்பட்டன. சிங்கப்பூர் வழியாக வந்த சீன நாட்டவர்களிடம் அந்தத் தொற்று கண்டறியப்பட்டது. அப்போது பக்காத்தான் ஹராப்பான் அரசு ஆட்சியில் இருந்தது. சுற்றுலாத் துறை சரியத் தொடங்கிய நிலையில், ஊக்குவிப்புத் திட்டம் ஒன்று தயாராகி வந்தது.

பிப்ரவரி 23ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஷெரட்டன் தங்கும் விடுதியில் பல கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றுகூடினர். 'ஷெரட்டன் நகர்வு' என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்த அரசியல் திருப்பத்தைத் தொடர்ந்து, மறுநாள் துன் டாக்டர் மகாதீர் முகமது பிரதமர் பதவியிலிருந்து விலகினார். இடைக்காலப் பிரதமராக இருந்த அவர், பிப்ரவரி 27ஆம் தேதி 20 பில்லியன் ரிங்கிட் ஊக்குவிப்புத் திட்டத்தை அறிவித்தார். அமைச்சரவையே இல்லாத சூழலில் வந்த அறிவிப்பு அது.

மார்ச் 1ஆம் தேதி டான்ஸ்ரீ முஹிடின் யாசின் நாட்டின் 8ஆவது பிரதமராகப் பதவியேற்றார். மார்ச் 9ஆம் தேதி கூடவிருந்த நாடாளுமன்றத்தை அவர் மே 18ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார். 222 பேர் கொண்ட மக்களவையில் புதிய அரசுக்கு இருந்த பெரும்பான்மை மிகக் குறைவு என்பதே அப்போது பரவலாகப் பேசப்பட்ட காரணம்.

மார்ச் 10ஆம் தேதி அமைச்சரவை பதவியேற்றது. வங்கித் துறையிலிருந்து வந்த தெங்கு சஃப்ருல் நிதியமைச்சரானார். டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி யாக்கோப் தற்காப்பு அமைச்சராகவும், டத்தோஸ்ரீ எம். சரவணன் மனிதவள அமைச்சராகவும் பொறுப்பேற்றனர். அவர்கள் அலுவலகத்தில் அமர்ந்த எட்டாவது நாள் நாடு முடக்கப்பட்டது.

மார்ச் 18: கதவுகள் அடைபட்டன

பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடைபெற்ற தப்லிக் ஒன்றுகூடலுக்குப் பிறகு தொற்று வேகமெடுத்தது. மார்ச் 15ஆம் தேதி ஒரே நாளில் 190 புதிய சம்பவங்கள் பதிவாகி, மொத்த எண்ணிக்கை 428 ஆனது. மறுநாள் இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மக்கள் அதைப் 'பிகேபி' என்றே சொல்லிப் பழகினர். 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழும், 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழும் அந்த ஆணை பிறப்பிக்கப்பட்டது.

மார்ச் 18 முதல் 31 வரை என்று தொடங்கிய ஆணை, ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என இரண்டிரண்டு வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. வணிகர்களுக்கு இதுவே பெரிய சிக்கலானது. இரண்டு வாரத்தில் திறந்துவிடலாம் என்று எண்ணி வேலையாட்களை வைத்திருந்தவர்கள், ஒவ்வொரு முறையும் மீண்டும் கையிருப்பைக் கரைத்தனர்.

கோவில்கள் மூடப்பட்டன. திருமணங்கள் தள்ளிப்போயின. சித்திரைப் புத்தாண்டும் பிகேபியிலேயே கழிந்தது. பந்தல் போடுபவர், மேளக்காரர், பூமாலை கட்டுபவர், திருமணச் சமையல்காரர் என விழாக்காலத்தை நம்பியிருந்தவர்களின் முன்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின.

சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொற்று நிலவரத்தையும், இஸ்மாயில் சப்ரி கட்டுப்பாட்டு விதிமுறைகளையும் நாள்தோறும் செய்தியாளர்களிடம் அறிவித்தனர். எந்தக் கடை திறக்கலாம், எத்தனை மணி வரை, எத்தனை பேர் என்பதைத் தெரிந்துகொள்ள வணிகர்கள் அந்த அறிவிப்புகளுக்காகவே காத்திருந்தனர்.

250 பில்லியனில் சிறு கடைக்கு எவ்வளவு?

மார்ச் 27ஆம் தேதி பிரதமர் 250 பில்லியன் ரிங்கிட் 'பிரிஹாத்தின்' உதவித் திட்டத்தை அறிவித்தார். இது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் மக்கள் மீது அக்கறை கொண்ட அரசு என்று அந்த உரையில் அவரே குறிப்பிட்டார். வாழைப்பழப் பொரியல் விற்கும் 'மக்சிக் கியா' என்ற கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு குடும்பத்துக்கு என்னென்ன உதவி கிடைக்கும் என்று விளக்கினார். அந்தப் பெயர் நாடு முழுவதும் பரவியது. பலர் பிரதமரை 'அபா' என்று அழைக்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

மாதம் 4,000 ரிங்கிட் வரை வருமானம் பெறும் குடும்பங்களுக்கு 1,600 ரிங்கிட்டும், 4,001 முதல் 8,000 ரிங்கிட் வரை பெறும் குடும்பங்களுக்கு 1,000 ரிங்கிட்டும் ரொக்கமாக அறிவிக்கப்பட்டது. வாடகையும் அரிசியும் வாங்கப் பல குடும்பங்களுக்கு அந்தப் பணம் உடனடியாகக் கைகொடுத்தது.

ஆனால் 250 பில்லியன் என்பது அரசு நேரடியாகச் செலவிடும் தொகை அல்ல. அதில் அரசின் நேரடிச் செலவு 25 பில்லியன் ரிங்கிட் மட்டுமே. கடன் உத்தரவாதம், வங்கிக் கடன் தவணை ஒத்திவைப்பு, ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் தங்கள் சொந்தப் பணத்தையே எடுக்கும் திட்டம், முன்னர் அறிவிக்கப்பட்ட 20 பில்லியன் ஆகியவையும் மொத்தக் கணக்கில் அடங்கின. சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை 12 மாதங்களுக்கு எடுக்க 'ஐ-லெஸ்தாரி' திட்டம் வழிவிட்டது. இன்றைய பசிக்கு நாளைய ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்தது.

சம்பள மானியம் ஒரு தொழிலாளருக்கு மாதம் 600 ரிங்கிட் என முதலில் நிர்ணயிக்கப்பட்டபோது, அது போதாது என்று சிறு, நடுத்தரத் தொழில் தரப்பினர் குரல் எழுப்பினர். பத்து நாளில் அரசு இறங்கி வந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி 10 பில்லியன் ரிங்கிட் கூடுதல் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிறிய நிறுவனங்களுக்கு மானியம் ஒரு தொழிலாளருக்கு மாதம் 1,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. நடுத்தர அளவு நிறுவனங்களுக்கு 800 ரிங்கிட். 200 தொழிலாளர்களுக்கு மேல் கொண்ட நிறுவனங்களுக்கு 600 ரிங்கிட். குறுந்தொழில்களுக்கு ஒருமுறை வழங்கும் 3,000 ரிங்கிட் சிறப்பு மானியமும் சேர்க்கப்பட்டது. டெக்குன் வழி 10,000 ரிங்கிட் வரை வட்டியில்லாக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது.

பதிவு இருந்தவருக்கே உதவி

சம்பள மானியம் சொக்சோ வழி வழங்கப்பட்டது. நிறுவனம் 2020க்கு முன்பே நிறுவனப் பதிவு ஆணையத்திலோ ஊராட்சி மன்றத்திலோ பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழிலாளர் சொக்சோவில் பதிவாகியிருக்க வேண்டும். அவர் மலேசியராக இருக்க வேண்டும். சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படக் கூடாது. 3,000 ரிங்கிட் மானியத்துக்கும் வருமான வரி வாரியத்திலோ ஆணையத்திலோ ஊராட்சி மன்றத்திலோ பதிவு தேவைப்பட்டது.

நிபந்தனைகள் நியாயமானவைதான். அரசு பணத்தை அனுப்ப ஒரு பட்டியல் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் ஏராளம். வீட்டிலிருந்து நாசி லெமாக், அப்பம், முறுக்கு செய்து விற்கும் பெண்கள், இரவுச் சந்தையில் உரிமம் இல்லாமல் உறவினர் கடையோரம் விற்பவர்கள், நாள்கூலிக்கு ஆள் வைத்து லாரி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு வணிகர் என்ற முறையில் எந்த உதவியும் கிடைக்கவில்லை. குடும்பத்துக்கான ரொக்கம் மட்டுமே கிட்டியது. ரொக்கச் சம்பளம் கொடுத்து, சொக்சோ கட்டாமல் ஆள் வைத்திருந்த முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களுக்காக விண்ணப்பிக்கவே முடியவில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை அதிகம் நம்பியிருந்த தொழில்களுக்கும் மானியத்தால் பயன் குறைவு. சமையலறையிலும் பரிமாறும் பகுதியிலும் வெளிநாட்டவர் பணிபுரியும் உணவகத்தில், அவர்களுக்குச் சம்பளமும் தங்குமிடமும் உணவும் முதலாளியின் பொறுப்பு. மானியக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். லெவி கட்டணத்தில் 25 விழுக்காடு கழிவு மட்டும் அறிவிக்கப்பட்டது.

84 நாள் மூடிக் கிடந்த முடிதிருத்தும் நிலையங்கள்

இந்தியர்களின் பாரம்பரியத் தொழில்களுள் முடிதிருத்தும் தொழில்தான் அந்த முடக்கத்தின் முழுச் சுமையையும் ஏற்றது. உணவகம்போல் பொட்டலம் கட்டி விற்க அதில் வழியில்லை.

ஏப்ரல் 10ஆம் தேதி, கட்டம் கட்டமாகத் திறக்கப்படும் துறைகளின் பட்டியலை அனைத்துலக வாணிப, தொழிலியல் அமைச்சு வெளியிட்டபோது, முடிதிருத்தும் நிலையங்களும் அதில் இடம்பெற்றன. முடி வெட்டும் சேவைக்கு மட்டும் அனுமதி என்றது அறிவிப்பு. ஆனால் வெட்டுபவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இடைவெளி விட முடியாதே என்று பொதுமக்களும் துறையைச் சேர்ந்தவர்களும் கேள்வி எழுப்பினர். சில நாள்களில் அனுமதி மீட்டுக்கொள்ளப்பட்டது. ஓர் அமைச்சு திறக்கலாம் என்பதும் மற்றோர் அமைச்சர் கூடாது என்பதுமாக இருந்த அந்த நாள்களில், கிருமிநாசினியும் முகக்கவரியும் வாங்கி வைத்தவர்களுக்குச் செலவு மட்டுமே மிஞ்சியது.

இறுதியில் ஜூன் 10ஆம் தேதி, மீட்சிக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாளில்தான் அக்கடைகள் திறந்தன. மார்ச் 18 முதல் எண்ணினால் 84 நாள். அந்த நாள்களிலும் கடை வாடகை ஏறிக்கொண்டே இருந்தது.

திறந்த பிறகும் ஆள் பற்றாக்குறை தொடர்ந்தது. முடிதிருத்துதல், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய துறைகளில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தருவிப்பது 2009ஆம் ஆண்டிலிருந்தே முடக்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றில் ஊர் திரும்பியவர்களுக்குப் பதில் ஆள் எடுக்க வழியில்லை. 2020 ஜூன் மாதம் எல்லாத் துறைகளுக்கும் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பு ஆண்டிறுதி வரை நிறுத்தப்பட்டது. அந்த மூன்று துறைகளுக்கும் 7,500 தொழிலாளர்களைத் தருவிக்கும் அனுமதி 2023ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது.

உணவகம், காய்கறி, ஜவுளி

உணவகங்கள் அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் இருந்தன. ஆனால் அமர்ந்து உண்ண அனுமதி இல்லை. வாழையிலைச் சாப்பாட்டை நம்பிய கடைகளுக்குப் பொட்டல வியாபாரம் ஈடாகவில்லை. விநியோகச் செயலிகளில் சேர்ந்தவர்கள் விற்பனையில் 30 விழுக்காடு வரை கழிவாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து ரிங்கிட் ரொட்டி, தோசை விற்கும் கடையில் அந்தக் கழிவு போக மிஞ்சுவது சொற்பம். விடிய விடியத் திறந்திருந்த கடைகளின் இரவு வியாபாரமும் நேரக் கட்டுப்பாட்டால் அற்றுப்போனது.

கேமரன் மலையில் வேறு வகைத் துன்பம். பிகேபியின் முதல் நாள்களில் போக்குவரத்தும் சந்தைகளும் தடைபட்டதால், விவசாயிகள் அறுவடை செய்த காய்கறிகளைக் கொட்ட நேர்ந்தது. மலர்த் தோட்டங்களிலும் பூக்கள் அழிக்கப்பட்டன. நகரத்தில் காய்கறி கிடைக்கவில்லை என்று மக்கள் அலைந்தபோது, மலையில் அது அழுகியது. விவசாயம் அனுமதிக்கப்பட்ட துறைதான். ஆனால் பொருளை வாங்கிச் செல்லும் சங்கிலி அறுந்தால் அனுமதியால் பயனில்லை என்பதை அது காட்டியது.

கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா பகுதியின் நிலை இன்னும் கடுமை. சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்கள் ஏப்ரல் 7ஆம் தேதி கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. பின்னர் சுற்றுப்புறப் பகுதிக்கும் அது விரிவானது. முள்வேலி போடப்பட்ட தெருக்களில் நோன்பு மாத வியாபாரமும் ரமலான் சந்தையும் இல்லாமல் போயின. ஆண்டு முழுவதற்குமான லாபத்தை நோன்புப் பெருநாளிலும் தீபாவளியிலும் பார்க்கும் ஜவுளிக் கடைகளுக்கு அது பேரிழப்பு.

தவணை ஒத்திவைப்பு தந்த மூச்சு

வணிகர்களுக்கு உண்மையில் மூச்சு விட இடம் தந்தது பேங்க் நெகாராவின் முடிவுதான் என்று சொல்லலாம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாதங்களுக்குத் தனிநபர், சிறு, நடுத்தரத் தொழில் கடன்களின் தவணை தானாகவே ஒத்திவைக்கப்பட்டது. விண்ணப்பம் தேவையில்லை. படிவம் நிரப்பத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. மானியத் திட்டங்களிலிருந்து இது வேறுபட்டு நின்றது அதனால்தான்.

ஆனாலும் ஒத்திவைப்பு தள்ளுபடி அல்ல. வீட்டுக் கடன் போன்றவற்றுக்கு அக்காலத்துக்குரிய வட்டி சேர்ந்துகொண்டே இருந்தது. கடன் அட்டைக்கு இச்சலுகை தானாகப் பொருந்தவில்லை. வட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு எந்த ஒத்திவைப்பும் இல்லை. வங்கிக் கணக்கு இல்லாத தொழில், அங்கேதான் மேலும் சிக்கியது.

பேங்க் நெகாரா தனது முதன்மை வட்டி விகிதத்தையும் ஜனவரியில் 2.75, மார்ச்சில் 2.50, மே மாதம் 2.00, ஜூலையில் 1.75 விழுக்காடு எனப் படிப்படியாகக் குறைத்தது.

வாடகைச் சட்டம்: தாமதத்தின் விலை

அரசியல் நிலையற்ற தன்மை சிறு வணிகரை நேரடியாகத் தொட்ட இடம் கடை வாடகை. வாடகையைக் குறைக்கும் கட்டட உரிமையாளர்களுக்கு வரிச் சலுகை தருவதாக அரசு அறிவித்தது. குறைப்பதும் குறைக்காததும் உரிமையாளரின் விருப்பம். வாடகை கட்ட முடியாதவரை வெளியேற்றக் கூடாது என்று சொல்லச் சட்டம் வேண்டும். சட்டம் இயற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும்.

மே 18ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரே ஒரு நாள் கூடியது. மாமன்னரின் உரை மட்டும் இடம்பெற்றது. விவாதம் இல்லை. ஜூலை 13ஆம் தேதிதான் முழுக் கூட்டம் தொடங்கியது. அன்று மக்களவைத் தலைவரை மாற்றும் தீர்மானம் 111க்கு 109 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசின் பலம் எவ்வளவு மெல்லியது என்பதை நாடு கண்டது.

கோவிட்-19 தாக்கத்தைக் குறைப்பதற்கான தற்காலிக நடவடிக்கைச் சட்டம், அதாவது சட்டம் 829, ஆகஸ்டு மாதம் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 23ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிகேபி தொடங்கி ஏழு மாதம் கடந்துவிட்டது. கட்டுப்பாடுகளால் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாத கடை வாடகைதாரர்களுக்கு அச்சட்டம் பாதுகாப்பு தந்தது. மார்ச் 18 முதல் பின்னோக்கிப் பொருந்தவும் செய்தது. எனினும், அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, இடைப்பட்ட காலத்தில் முறித்துக்கொள்ளப்பட்ட ஒப்பந்தங்களும் பறிமுதல் செய்யப்பட்ட முன்பணமும் செல்லுபடியாகும் என்று கூறியது. ஆகவே ஏப்ரலிலோ ஜூனிலோ கடையை இழந்தவருக்கு அக்டோபர் சட்டத்தால் பயனில்லை.

அண்டை நாடான சிங்கப்பூரில் இதே நோக்கம் கொண்ட சட்டம் ஏப்ரல் 7ஆம் தேதி நிறைவேறி, அதன் ஒப்பந்தப் பாதுகாப்புப் பகுதி ஏப்ரல் 20ஆம் தேதியே நடப்புக்கு வந்தது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான வாடகை நிவாரணம் ஜூன் மாதத்தில் சட்டமானது. பிப்ரவரி முதல் மே வரை நான்கு வரவுசெலவுத் திட்டங்களை அந்நாடு அறிவித்தது. பெரும்பான்மை உறுதியாக இருந்த அரசும் பல்லாண்டுச் சேமிப்பும் அதற்குக் கைகொடுத்தன. ஆனால் அங்கும் சம்பள ஆதரவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வெளிநாட்டு ஊழியருக்கு லெவிச் சலுகைதான்.

எல்லை மூடப்பட்டதால் தினமும் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்ற லட்சக்கணக்கான மலேசியர்கள் இரு கரைகளில் பிரிந்தனர். சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை நம்பிய ஜொகூர் பாரு கடைகளும் நாணய மாற்றுக் கடைகளும் வெறிச்சோடின. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி.

எண்கள் சொல்வது

பிகேபியால் நாளொன்றுக்கு 2.4 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்று மே 1ஆம் தேதி உரையில் பிரதமர் தெரிவித்தார். மே 4 முதல் பெரும்பாலான துறைகள் நிபந்தனையுடன் திறக்கப்பட்டன. சில மாநில அரசுகள் உடனே ஏற்க மறுத்துத் தேதியைத் தள்ளிவைத்தன. மே மாதம் வேலையில்லாதோர் விகிதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது. 826,100 பேர் வேலையின்றி இருந்தனர். ஆண்டின் இரண்டாம் காலாண்டில் பொருளாதாரம் 17.1 விழுக்காடு சுருங்கியது. 1998 ஆசிய நிதி நெருக்கடியின்போதுகூட இவ்வளவு சரிவு இல்லை.

ஜூன் 5ஆம் தேதி 35 பில்லியன் ரிங்கிட் 'பென்ஜானா' திட்டமும், செப்டம்பரில் 10 பில்லியன் ரிங்கிட் 'கித்தா பிரிஹாத்தின்' திட்டமும் வந்தன. செப்டம்பர் 26 சபா தேர்தலுக்குப் பின் தொற்று மீண்டும் பெருகியது. அக்டோபர் 14 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டுப்பாடுகள் திரும்பின. நவம்பர் 14ஆம் தேதி தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகள் ஆண்டின் இழப்பை ஈடுகட்டக் காத்திருந்த நேரத்தில், அவை வந்தன. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் திறந்த இல்ல உபசரிப்பும் இல்லை.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

அந்த ஆண்டு கற்பித்தவை இன்றும் பொருந்தும்.

• சிறிய வியாபாரமாக இருந்தாலும் நிறுவனப் பதிவு ஆணையத்திலோ ஊராட்சி மன்றத்திலோ பதிவு செய்யுங்கள். 2020இல் பதிவுத் தேதி ஒன்றே பலரின் தகுதியைத் தீர்மானித்தது.

• வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குச் சொக்சோவும் சேமநிதியும் கட்டுங்கள். சம்பள மானியம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வந்தது.

• கடை வாடகையை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள். முன்பணம் எப்போது பறிமுதலாகும், எத்தனை மாத முன்னறிவிப்பு தேவை என்பதைக் கையெழுத்திடும் முன் படியுங்கள்.

• விற்பனை வரவு வங்கிக் கணக்கு வழி செல்லட்டும். கடன் கேட்கும்போது வங்கியும் டெக்குனும் கேட்பது அந்தக் கணக்கு அறிக்கையைத்தான்.

• தவணை ஒத்திவைப்பை ஏற்கும் முன், வட்டி சேருமா என்று வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முஹிடின் யாசின் 2021 ஆகஸ்டு 16ஆம் தேதி பதவி விலகினார். 'பிரிஹாத்தின்', 'பென்ஜானா' என்ற பெயர்களும் இப்போது புழக்கத்தில் இல்லை. ஆனால் வெள்ளம் வந்தாலும் நோய் வந்தாலும் அரசின் உதவி இனியும் ஏதோ ஒரு பதிவேட்டைப் பார்த்தே வரும். அதில் தங்கள் பெயரும் தொழிலாளர்களின் பெயரும் இருக்கின்றனவா என்பதை நெருக்கடி வரும்வரை காத்திராமல் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.